முழங்காலுக்கு உண்டு, தாடைக்கு இல்லை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் வீட்டில் உறவுக்கூட்டம் நிறைந்துவிடும். ஐந்தருவியில் குளித்து, தலைகூடத் துவட்டாமல், பசியோடு எல்லாரும் பிரானூர் பார்டருக்குக் கிளம்புவோம். இலையில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும் வந்து விழும். கூட வரும் பெரியம்மா மட்டும் பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சால்னாவை ஊற்றி, அது நனைந்து கூழாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கறியைத் தொடமாட்டார். கடையம் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். எழுபதைக் கடந்துவிட்டார். வாயில் ஒரு பல்கூட இல்லை.

பல்செட் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மஞ்சள் பைக்குள். ஏன் போடவில்லை என்று கேட்டால், "மேல உள்ளது நிக்கும்லா, கீழ உள்ளதுதான் நாக்கு பட்டா எந்திச்சிருது" என்பார். திரும்பும் வழியில் மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தால் அந்த வெள்ளைச் சுளையை ஈறால் நசுக்கிச் சாப்பிடும்போதுதான் முகம் மலரும்.

போன சாரலில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே தாடையில் பல் நட்டுக் கொடுக்கிறார்களாம், காப்பீட்டு அட்டை இருந்தால் போதுமாம். அட்டையை எடுத்து என் கையில் கொடுத்து, "பாத்துச் சொல்லுய்யா" என்றார். பார்த்தேன். அவருக்குச் சொன்ன பதில் ஒரே சொல்தான்: இல்லை. அந்தப் பதில் சரியானதுதானா என்று எடைபோடவே இந்தக் கட்டுரை.

முதலில் சட்டதிட்டம். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது நம் கையிலிருக்கும் அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் மாற்று, குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், முழங்கால் மூட்டு மாற்று எல்லாம் இதில் அடக்கம். ஏழை வீட்டுப் பிள்ளையின் காதுக்குள் பல லட்சம் மதிப்புள்ள கருவியை வைத்துக் கேட்க வைத்த திட்டம் இது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

பல் விஷயத்தில் ஆயுஷ்மான் பாரத்தின் விலக்குப் பட்டியல் தெளிவாகவே பேசுகிறது. சீரமைப்புக்கோ அழகுக்கோ செய்யும் பல் சிகிச்சை, சொத்தை அடைத்தல், வேர் சிகிச்சை, பல் தேய்மானம், ஈறு நோய், பல் இம்ப்ளாண்ட் எனப்படும் தாடையில் நடும் பல் எதற்கும் பணம் கிடையாது. விபத்து, காயம், கட்டி, நீர்க்கட்டி போன்றவற்றால் எலும்புக்குச் சிகிச்சை தேவைப்பட்டு, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வந்தால் மட்டும் விதிவிலக்கு. 2024 அக்டோபர் 29இல் 70 வயது கடந்த எல்லாருக்கும் வருமானம் பாராமல் காப்பீடு என்று மத்திய அரசு திட்டத்தை விரித்தபோதும் பல் வெளியேதான் நின்றது. பல் இல்லாமல் அதிகம் கஷ்டப்படும் வயதினருக்கென்றே விரித்த குடையில் பல்லுக்கு மட்டும் இடமில்லை.

இந்த விலக்குக்கு நான்கு நியாயங்கள் சொல்லப்படுகின்றன. இம்ப்ளாண்ட் அழகுக்கானது, விலை அதிகம், கூட்டத்துக்குச் செய்தால் ஆபத்து, அதைவிட அவசரமான வேலைகள் கிடக்கின்றன. நான்குக்கும் ஒரே கனம் இல்லை.

அழகு என்ற நியாயம்தான் மிகவும் பலவீனமானது. ஆனால் விதியைத் தாங்கி நிற்பது அதுதான். பல் போனதும் அதைத் தாங்கியிருந்த தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் கரைகிறது என்பது 1972இலேயே வெளியான ஆய்வின் முடிவு. மேல் பல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம், ஒட்டிக்கொள்ளும். கீழ் பல்செட் உட்காருவதற்கு ஒரு மெல்லிய வரப்புதான் உண்டு. உள்ளே நாக்கும் வெளியே கன்னமும் அதை இடைவிடாமல் தள்ளும். வரப்பும் கரைந்துவிட்டால் எவ்வளவு நன்றாகச் செய்த செட்டும் மிதக்கும். பெரியம்மா ஒரு வரியில் சொன்னதுதான் இது. இப்படிப்பட்டவர் நிலக்கடலை, கேரட், கறி, கொய்யா எதையும் மெல்ல முடியாது. இட்லியும் குழைந்த சோறும்தான் கதி. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால், எதைக் குறைக்கச் சொல்கிறோமோ அது ஒன்றே தின்னக் கிடைக்கும் உணவாகிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறது. மாத்திரையோடு சேர்த்து "காய்கறி நிறைய சாப்பிடுங்க" என்றும் சொல்கிறார்கள். எதைக் கொண்டு மெல்லுவது? முழங்கால் மடங்காமல் நடக்க முடியாதவருக்கு உலோக மூட்டு வைப்பதை யாரும் அழகு என்று சொல்வதில்லை. மெல்ல முடியாதவருக்கு அதே தர்க்கம் ஏன் பொருந்தாது என்பதற்கு எனக்கு இதுவரை ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

மருத்துவ உலகம் இதை எப்போதோ முடிவு செய்துவிட்டது. பெர்-இங்வார் பிரானமார்க் என்ற ஸ்வீடன் மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பதித்து எலும்பு ஆறும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் முதல் மனிதருக்கு அந்த உலோகத்தால் பல் பதித்தார். அந்த நோயாளி இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், அவை தாடையில் உறுதியாக இருந்தன. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு வெறும் பல்செட்டை முதல் தேர்வாகக் கொள்ளக்கூடாது, முன்பகுதியில் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதன்மேல் பல்செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கவனியுங்கள்: 14 பல்லுக்கு 14 இல்லை. இரண்டு. சட்டைப் பொத்தான் போல அந்த இரண்டு முனைகளில் செட் கிளிக்கென்று உட்காரும். இரவில் கழற்றிக் கழுவலாம். இலவச இம்ப்ளாண்ட் என்றதும் எல்லாருக்கும் எல்லாப் பல்லும் என்று கணக்குப் போட்டு மிரள்பவர்கள் இந்த எண்ணை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். தனியார் மருத்துவமனையில் ஒரு இம்ப்ளாண்ட் இருபதாயிரத்துக்குக் கீழே கிடைப்பது அரிது. இரண்டு வைத்து மேலே செட் மாட்ட அரை லட்சமாவது ஆகும். 2023 ஆகஸ்டிலிருந்து முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். மூன்றரை ஆண்டு உதவித்தொகையை ஒரு ரூபாய்கூடத் தொடாமல் சேர்த்தால்தான் கீழ்வரிசைப் பல். அப்படியானால் அரசுக்கும் இது கட்டுபடியாகாதா?

இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்களான நாம் நம்முடைய அனுபவத்தையே மறந்துவிடுகிறோம். கண்புரை அறுவை செய்து, உள்ளே லென்ஸ் வைக்காமல், தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்பிய காலம் நம்மில் பலர் பார்த்ததுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பணக்கார நாடுகளின் சமாச்சாரம், ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும் என்று உலக அளவில் வல்லுநர்களே வாதாடினார்கள். 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதை ஏற்கவில்லை. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அமைத்து, நூறு டாலர் அளவில் இறக்குமதியான லென்ஸைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று லென்ஸ் இல்லாத கண்புரை அறுவையை எவராவது ஏற்பார்களா? 2017இல் இதய ஸ்டென்ட்டுக்கும், அதே ஆண்டு முழங்கால் மூட்டுக்கும் தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவிலை நிர்ணயித்தது. பல் இம்ப்ளாண்டுக்கு அப்படி எதுவும் செய்யப்படவில்லை. மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு விலையை நொறுக்குவதில் நாட்டுக்கே முன்மாதிரியான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் இருக்கிறது. ஒரு சிறிய டைட்டானியத் திருகின் விலையை அதனால் இறக்க முடியாது என்று நான் நம்பவில்லை. விலை ஒரு தடைதான். ஆனால் தகர்க்கத் தெரிந்த தடை.

மூன்றாவது நியாயத்தில்தான் என் உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. லென்ஸோடு ஒப்பிட்டேன் அல்லவா, அந்த ஒப்பீடு ஓர் இடத்தில் முறிகிறது. கண்புரை அறுவை கால் மணி நேர வேலை. ஒருமுறை செய்தால் முடிந்தது. இம்ப்ளாண்டுக்கு ஸ்கேன் எடுக்க ஒரு நாள், பதிக்க ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள். எலும்பு கூட மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்து, பிறகு அளவெடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள். அதன் பின்னும் ஆயுள் முழுக்கச் சுத்தம் பேண வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை மூன்றும் இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்பை அரிக்கும். கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் மூன்றும் எவ்வளவு சாதாரணம் என்பதை இந்த ஊர்க்காரனான நான் மறைக்க முடியாது. தேர்ந்தெடுக்காமல் முகாம் போட்டு வரிசையாகப் பதித்தால், நன்மையைவிடச் சீழும் வலியும்தான் மிஞ்சும்.

சுத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது வாணியம்பாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2023இல் அங்கே ஒரு பல் சிகிச்சையகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா தொற்றியது. எட்டுப் பேர் இறந்தார்கள். பல நோயாளிகளுக்குப் பயன்பட்ட ஒரே சலைன் பாட்டிலில் அந்தக் கிருமி இருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கண்டுபிடித்தார்கள். சுத்தம் செய்யாத ஒரு கருவியால் அந்தப் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். அது இம்ப்ளாண்ட்கூட அல்ல, சாதாரணப் பல் சிகிச்சை. எலும்பைத் துளைக்கும் வேலையை, கருவிச் சுத்திகரிப்பு நம்பகமாக இல்லாத இடத்தில், இலவசம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடங்கக்கூடாது. விலக்கை ஆதரிப்பவர்களின் இந்த நியாயத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து வருவது "செய்யாதே" என்ற முடிவு அல்ல. "எங்கே, யாருக்கு, யார் செய்வது என்று வகுத்துச் செய்" என்பதுதான்.

நான்காவது, முன்னுரிமை. தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் பலரும் கேட்பது ஒன்றே: "புடுங்கி விட்ருங்க சார்." வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வர வேண்டும், நான்கு நாள் கூலி போகும், பிடுங்கினால் ஒரே நாளில் வலி போகும். இப்படிப் பிடுங்கப்படும் பல்லில் எத்தனையோ காப்பாற்றக்கூடியவை. காப்பாற்றும் சிகிச்சைக்கும் அட்டையில் பணம் இல்லை, போன பல்லை மீட்கும் சிகிச்சைக்கும் பணம் இல்லை. பிடுங்குவது மட்டும் எளிதாக நடக்கிறது. ஆகவே முதல் ரூபாய் சொத்தை அடைக்கவும் வேர் சிகிச்சைக்கும்தான் போக வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த முதல் ரூபாயும் இப்போது அட்டையிலிருந்து செலவிடப்படவில்லை என்பதால், முன்னுரிமை என்ற சொல் இந்த விவாதத்தில் பாதி பலத்தை இழந்துவிடுகிறது. மேலும், இன்றைக்குப் பல்லே இல்லாதவரிடம் சொத்தைத் தடுப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பிற இடங்களில் என்ன செய்தார்கள்? தென்கொரியா 2014 ஜூலையில் தன் தேசியக் காப்பீட்டில் 75 வயது கடந்தவர்களுக்கு இம்ப்ளாண்டைச் சேர்த்தது. மறு ஆண்டு 70, அதற்கடுத்த ஆண்டு 65 என்று வயதை இறக்கியது. வாழ்நாளில் இரண்டு மட்டும். நோயாளி முதலில் பாதிச் செலவைக் கொடுத்தார்; 2018இலிருந்து 30 விழுக்காடு. எண்ணிக்கைக்கு வரம்பு, வயதைப் படிப்படியாக இறக்குதல் இரண்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் அங்கே ஒரு பிழை உண்டு: சில பற்களாவது மிஞ்சியிருப்பவர்களுக்கே இம்ப்ளாண்ட் என்று விதி எழுதினார்கள். ஒரு பல்லும் இல்லாத, அதிகம் தேவையுள்ளவர் வெறும் பல்செட்டோடு நின்றார். நாம் அந்த வரியைத் தலைகீழாக எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கேரளம் இம்ப்ளாண்ட் தரவில்லை. ஆனால் மந்தஹாசம் என்ற திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு இலவசப் பல்செட் கட்டித் தருகிறது. முதியவரின் பல்லை ஒரு சமூகநீதிப் பிரச்சினையாகப் பார்த்த அந்தப் பார்வையை மதிக்கிறேன். கேரளத்தைப் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பின்னணியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அன்றைக்குப் பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம்தான். அங்கே 1959இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இன்றும் தென்காசியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை எண்ணிப் பாருங்கள். 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அரசு ஏற்றுக்கொண்ட சிதம்பரம் கல்லூரி. 2023இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி. தென்காசியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் 250 கிலோமீட்டர், சிதம்பரத்துக்கு 400க்கு மேல், சென்னைக்கு 600க்கு மேல். பொதிகை ரயிலில் ஓர் இரவு போய், ஓர் இரவு திரும்பி, அதையே ஐந்து முறை செய்யக்கூடிய எழுபது வயதுப் பீடித் தொழிலாளி யார்? கூட வரும் மகனின் கூலியை யார் கொடுப்பது? தலைநகரில் ஒரு பிரிவு இலவசமாகவே செய்தாலும் எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது இலவசம் அல்ல. 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமாகப் பிறந்த தென்காசியில் இன்றும் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. அருகில் இருப்பது 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிதான்.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். வாய்ப் புற்றுக்காகத் தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தவர்கள், 2021இல் கொரோனாவுக்குப் பின் கரும்பூஞ்சை தாக்கி மேல்தாடையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மேல்தாடை போனால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பே இல்லை. குடிக்கும் தண்ணீர் மூக்கால் வரும், பேச்சு புரியாது. உயிரைக் காப்பாற்றிய அறுவைக்கு அட்டை பணம் கொடுத்தது. அதன் பிறகு அந்த மனிதர் சாப்பிடவும் பேசவும் வேண்டிய பல்லையும் தடுப்பையும் அதே சிகிச்சையின் கடைசிப் படியாகக் கருதி, அதே தொகுப்பில் எழுத்துப்பூர்வமாகச் சேர்க்க வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பு பல் இம்ப்ளாண்ட் விஷயத்தில் மிகவும் கையிறுக்கமானது. அதுவே புற்றுநோய்க்கும் கடுமையான காயத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதில் எடைபோட ஒன்றுமே இல்லை.

மற்றவற்றில் என் தீர்ப்பு இது. பல் இம்ப்ளாண்டை மொத்தமாக விலக்கிவைத்தது தவறு. எல்லாருக்கும் இலவசம் என்று கேட்பதும் தவறு. ஒன்றிரண்டு பல் போன நடுவயதுக்காரருக்குப் பொதுப்பணத்தில் இம்ப்ளாண்ட் வேண்டியதில்லை. அவருக்கு இருக்கும் பல்லைக் காப்பாற்றும் சிகிச்சை வேண்டும், அது தாலுகா மருத்துவமனையிலேயே வேண்டும். பல்லே இல்லாத முதியவருக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், அங்கேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்து, முதலில் நல்ல பல்செட். அது கீழ்த்தாடையில் நிற்கவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், சர்க்கரை கட்டுக்குள் இருந்து, புகையிலையையும் விட்டிருந்தால், இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் முழு இலவசமாக. அதைத் தாலுகாவில் செய்ய வேண்டாம், முகாம் போட்டும் செய்ய வேண்டாம். பல் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும். பயணப்படியும் தரட்டும்.

அதுவரை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இலவச இம்ப்ளாண்ட் என்று எவராவது அழைத்தால் இலவசம் எது என்று கேளுங்கள்: பரிசோதனையா, திருகா, மேலே மாட்டும் பல்லா? முழுத்தொகையை எழுத்தில் வாங்காமல் ஈறில் கத்தி வைக்க விடாதீர்கள். ஆடும் பல்லைப் பிடுங்கச் சொல்லும் முன், காப்பாற்ற வழியுண்டா என்று ஒருமுறை கேளுங்கள்.

பெரியம்மாவின் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புகையிலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது அவருக்கு. சர்க்கரையும் கட்டுக்குள்தான் இருக்கிறது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு 55 கிலோமீட்டர். ஐந்து முறை அவரால் போய்வர முடியும்.